ஏழாம் ஆளின் கை

சென்ற மாதம் தபாலில் ஒரு கெட்டியான உறை வந்தது. முன்பு என்னோடு வேலை பார்த்த ஒருவர் இப்போது ஒரு பெரிய நூலகத்தில் இருக்கிறார். நான் கேட்காமலே எனக்கு ஒரு நன்மை செய்திருக்கிறார். என் பெயரில் அச்சான கட்டுரைகளை இன்றுவரை யார் யார், எந்தெந்தப் பத்திரிகையில் எடுத்துக்காட்டியிருக்கிறார்கள் என்று பட்டியல் போட்டு அனுப்பியிருக்கிறார். என் பெயரில் அச்சானவை மொத்தமே இரண்டு. முதல் தலைப்புக்குக் கீழே வரிசை நீண்டு, ஒரு பக்கம் நிரம்பி, மறுபக்கமும் போகிறது. இரண்டாவது தலைப்புக்குக் கீழே ஒன்றுமில்லை, வெறும் வெள்ளைத் தாள். “முதல் கட்டுரைக்காக நீங்கள் பெருமைப்பட வேண்டும்” என்று ஓரத்தில் எழுதியிருக்கிறார். நல்ல மனிதர். அவருக்குப் பதில் எழுத உட்கார்ந்தேன். மூன்று தாளைக் கிழித்துப் போட்டுவிட்டு இதை எழுதிக்கொண்டிருக்கிறேன்.

யுத்தம் நடந்துகொண்டிருந்த காலத்தில் தூத்துக்குடித் துறைமுகத்தின் சுகாதார ஆபீசுக்கு எனக்கு மாற்றல் வந்தது. அதற்கு முன் இரண்டு வருஷம் வடக்கே ஒரு சீரம் தயாரிக்கும் நிலையத்தில் பயிற்சி. அங்கே ஒரே மேசையைச் சுற்றி ஐந்து பேர் உட்காருவோம். ஒருவர் சோதனைக் குழாயைத் தூக்கிப் பிடித்தால் மற்ற நாலு பேரும் எழுந்து வந்து பார்ப்பார்கள். சண்டை போடுவோம். ஒரு நோயை ஒரு தடவை சந்தித்த உடம்பு அதை எப்படி ஞாபகம் வைத்துக்கொள்கிறது, ஏன் சிலருடைய உடம்பு அந்த ஞாபகத்தாலேயே கெட்டுப்போகிறது என்பதுதான் எங்கள் சண்டைக்கெல்லாம் அடிப்படை. சாப்பிடும்போதுகூட அதே பேச்சு. அந்த இரண்டு வருஷம் போல என் வாழ்க்கையில் வேறு எதுவும் இல்லை என்று இன்றும் சொல்வேன்.

தூத்துக்குடி மாற்றல் உத்தரவில் ‘ஆய்வுக்கூடப் பொறுப்பு’ என்று இருந்தது. வந்து பார்த்தால், கடற்கரையை ஒட்டி இரண்டு அறை. ஒன்றில் கொழும்புக் கப்பலுக்குப் போகிறவர்கள் வரிசையில் வந்து அம்மை குத்திக்கொண்டு போவார்கள். மற்றொன்றில் ஒரு பூதக்கண்ணாடிக் கருவி, உப்புக் காற்றில் துருப்பிடித்த ஒரு நீராவிப் பானை, ஐஸ் வந்தால் வைக்க ஒரு மரப்பெட்டி. ஐஸ் வராத நாட்களே அதிகம். காலையிலிருந்து பகல் வரைக்கும் அம்மை குத்துவதும் காலரா ஊசி போடுவதும் சீட்டில் கையெழுத்துப் போடுவதும்தான் என் வேலை. ஊரில் எனக்கு ‘அம்மை குத்துற ஐயா’ என்று பெயர் விழுந்துவிட்டது. மேலதிகாரி கப்பல்களைப் பார்க்கத் தோணியில் போய்விடுவார். அவருக்கு என் படிப்பின் மேல் ஒரு மரியாதை உண்டு, அதைப் பற்றிப் பேசாமல் இருப்பதே அவர் காட்டிய மரியாதை.

எங்கள் வீடு திருச்செந்தூர்ப் பக்கத்துப் பனங்காட்டில். அப்பாவுக்கு மளிகைக் கடை. டாக்டருக்குப் படித்தவன் ஏன் போர்டு மாட்டி உட்காரவில்லை என்பது அங்கே தீராத கேள்வி. லீவில் போனால், “என்னலே ஆராயுத?” என்று அப்பா கேட்பார். நான் சொல்லத் தொடங்குவேன். இரண்டாவது வாக்கியத்தில் கடைக்கு யாராவது புளி வாங்க வந்துவிடுவார்கள். கொஞ்ச காலத்தில் லீவில் போவதையே குறைத்துக்கொண்டேன். தனியாக இருந்தேன் என்று சொல்ல எனக்கு வெட்கமில்லை. பேச ஆள் இல்லாததால் அல்ல, பேச வேண்டியதைப் பேச ஆள் இல்லாததால்.

வந்த முதல் வருஷம், வாடைக் காற்று ஓய்ந்து சங்கு குளிக்கிற பருவம் தொடங்கியது. படகுகள் விடியுமுன் போய்ப் பிற்பகலில் திரும்பும். ஒரு நாள் இரண்டு பேர் ஓடிவந்து என்னைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார்கள். மணலில் ஒரு குளியாளி கிடந்தார். எங்கள் கரையில் சொறி என்று சொல்வார்களே, கண்ணாடிபோல நீரில் மிதந்து வரும் ஜெல்லி மீன், பட்டால் எரியும், அது அவர் தோளில் பட்டிருந்தது. ஊரில் எல்லாருக்கும் பட்டிருக்கிறது. தடிப்பு வரும், எரியும், காடி தடவினால் அடங்கும். ஆனால் இந்த மனிதரின் முகம் முழுவதும் வீங்கி, கண் இரண்டும் மூடி, உதடு தொங்கி, மூக்கு எது கன்னம் எது என்று தெரியாமல் இருந்தது. மூச்சு சீட்டி அடித்தது. போன வருஷமும் இவருக்கு ஒரு தடவை பட்டது, அப்போது ஒன்றும் ஆகவில்லை என்று கூட வந்தவர்கள் சொன்னார்கள்.

அட்ரினலின் போட்டேன். சிறிது நேரத்தில் மூச்சு சீரானது. கண் திறக்கவில்லை, ஆனால் தலையை அசைத்தார். பெயரைக் கேட்டுக் குறித்துக்கொண்டேன். கையின் சுற்றளவை நாடாவால் அளந்தேன். கொஞ்சம் இரத்தமும் எடுத்துக்கொண்டேன். அந்தப் பருவத்தில் சொறி பட்டு மருந்துக்கு வந்தவர்களை ஒரு நோட்டில் எழுதிவந்தேன், அதில் அவர் ஏழாம் ஆள்.

அன்று என் மனசு குதித்த குதிப்பைச் சொன்னால் ஒருவேளை தப்பாக நினைப்பார்கள். ஒரு மனிதர் சாகப் பார்த்த இடத்தில் நான் சந்தோஷப்பட்டேன். வடக்கே ஐந்து பேரும் சண்டை போட்ட விஷயம் இங்கே மணலில் கிடந்தது. முதல் தடவை பட்டபோது உடம்பு அதை ஞாபகம் வைத்துக்கொண்டுவிட்டது, இரண்டாம் தடவை அந்த ஞாபகமே ஆளைக் கொல்லப் பார்க்கிறது.

சோதிக்க எலியோ முயலோ என்னிடம் இல்லை. என் கை இருந்தது. ஏழாம் ஆளின் இரத்தத்திலிருந்து பிரித்த சீரத்தை ஒரு துளி என் இடது முன்கையில் தோலுக்கடியில் ஏற்றினேன். மறுநாள் அதே இடத்தில், சொறியை உலர்த்திக் கரைத்து வடிகட்டிய தண்ணீரைச் சிறிது ஏற்றினேன். கால் மணி நேரத்தில் அந்த இடம் வட்டமாகத் தடித்துச் சிவந்து அரித்தது. பக்கத்தில் சீரம் ஏற்றாத இடம் சும்மா இருந்தது. அவருடைய உடம்பில் இருந்த அந்தப் பயம் என் கைக்கு வந்துவிட்டது. சில வாரங்கள் அது அங்கே இருந்தது. அந்த நாட்களில் நான் அடிக்கடி சட்டைக் கையைச் சுருட்டி அந்த இடத்தைப் பார்த்துக்கொள்வேன். வேறொரு மனிதரோடு எனக்கு அவ்வளவு நெருக்கம் அதற்கு முன் இருந்ததில்லை. அவர் முகம்கூட எனக்குத் தெரியாது.

அதிலிருந்து ஒவ்வொரு பருவமும் பகல் வேலை முடிந்ததும் கரைக்குப் போவேன். படகு வந்ததும் சொறி பட்டவர்கள் வருவார்கள். கை நீட்டுவார்கள். அளப்பேன், பெயரைக் கேட்டு எழுதுவேன், சிலரிடம் இரத்தம் எடுப்பேன். மறுப்பார்கள் என்று பயந்திருந்தேன். ஆச்சரியம், ஒருவர்கூட மறுக்கவில்லை. சொறி படாதவர்கள்கூட வரிசையில் நின்று, “எனக்கும் அளந்திருங்கய்யா” என்றார்கள். விஞ்ஞானத்தின் மேல் நம் ஜனங்களுக்கு இருக்கும் ஆர்வத்தைப் பற்றி என் டைரியில் ஒரு பக்கம் எழுதிவைத்தேன். அந்தப் பக்கத்தை இப்போது படித்தால் காது சுடுகிறது.

இரண்டாம் வருஷம் ஏழாம் ஆளின் பெயரைச் சொல்லித் தேடினேன். ஒருவர் வந்தார். தோளில் சொறி பட்ட புதுத் தடம். கை லேசாகத் தடித்திருந்தது, அவ்வளவுதான். “போன வருஷம் ரொம்ப மோசமா இருந்திச்சே, இப்பம் எப்படி?” என்று கேட்டேன். “இப்பம் நல்லா இருக்குய்யா” என்றார். இரத்தம் எடுத்து, சீரத்தைப் பிரித்து என் கையில் ஏற்றிப் பார்த்தேன். மறுநாள் சொறித் தண்ணீரை ஏற்றியதும் ஒன்றும் நடக்கவில்லை. தோல் தோலாகவே இருந்தது. நான் நாற்காலியில் உட்கார்ந்து என் கையை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். மூன்றாம் வருஷம் அதே பெயர், அதே நீட்டிய கை. தடிப்பு இல்லவே இல்லை, ஒரு சிவந்த கோடு மட்டும்.

ஆபத்தின் உச்சிக்குப் போன உடம்பு, கடலுக்குள் மேலும் மேலும் அடி வாங்கித் தானாகவே சாந்தமாகிவிட்டது. கடல் தானே மருந்தாகி, தானே ஊசி போட்டுக் குணப்படுத்துகிறது. நான் இரத்தம் எடுத்த பத்துப் பன்னிரண்டு பேரில் மற்றவர்கள் எல்லாரும் சாதாரணம். ஏழாம் ஆள்தான் கண்டுபிடிப்பு. கரையில் இருந்த படகுக்காரச் சம்மாட்டி ஒருவரிடம் பெருமை தாங்காமல் சொல்லிவைத்தேன்: “ஒரு தடவ விழுந்தவன்னு பயப்படாதீங்க. மூணாவது தடவ ஒண்ணும் செய்யாது.” அவர் கவனமாகக் கேட்டுக்கொண்டார். தூத்துக்குடியில் என் ஆராய்ச்சியை முழுசாகக் கேட்ட முதல் மனிதர் அவர்தான்.

கட்டுரையை எழுத ஒரு மழைக்காலம் ஆயிற்று. தட்டச்சு செய்து, படம் வரைந்து, சீமைப் பத்திரிகைக்கு அனுப்பினேன். யுத்தக் காலத் தபால். கப்பல் போய்ச் சேர்ந்ததா, கடலடியில் கிடக்கிறதா என்றே தெரியாது. யாராவது ஒருவர், எங்கேயாவது, நான் எழுதியதைப் படித்தார் என்று தெரிந்தால் போதும் என்று இருந்தது. வேறு எதையும் நான் அவ்வளவு வேண்டிக்கொண்டதில்லை, கோயிலில்கூட. நாள் போகப் போக, கட்டுரை என்ற ஒன்றை நான் எழுதினேனா என்றே எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது.

யுத்தம் முடிந்து எத்தனையோ மாதம் கழித்து ஒரு நாள் பார்சல் வந்தது. என் கட்டுரையின் தனிப்பிரதிகள், வழவழப்பான தாளில், ஒரு கட்டு. அன்று பகல் சாப்பாட்டுக் கடைக்கு ஒன்றைக் கையில் எடுத்துக்கொண்டு போனேன். யாரிடமாவது காட்டாவிட்டால் நெஞ்சு வெடித்துவிடும் போலிருந்தது. கடை அண்ணாச்சி பார்த்துவிட்டார்.

“என்ன டாக்டரே, கலியாணப் பத்திரிகையா? ஒரு வார்த்த சொல்லலியே!”

“இல்ல அண்ணாச்சி. நான் எழுதின கட்டுரை. சீமையில அச்சாகியிருக்கு.”

“சீமையிலயா! எதப் பத்தி?”

“சொறி பட்டா என்ன ஆகும்னு.”

அண்ணாச்சி என்னை இரக்கத்தோடு பார்த்தார். “சொறி பட்டா அரிக்கும். இது நீங்க எழுதித்தான் சீமைக்காரனுக்குத் தெரியணுமாக்கும்? சரி, ரசம் ஊத்தட்டா?”

ரசம் ஊற்றிக்கொண்டு சாப்பிட்டு வந்தேன்.

அப்புறம் கார்டுகள் வரத் தொடங்கின. அந்தக் காலத்தில் ஒரு கட்டுரைக்கு மதிப்பு உண்டா இல்லையா என்பதைத் தபால்காரர்தான் சொல்வார். உலகத்தின் எந்த மூலையிலோ ஒருவர் படித்துவிட்டு, தனிப்பிரதி ஒன்று அனுப்ப முடியுமா என்று ஒரு கார்டு போடுவார். முதல் கார்டு வந்த அன்று அதை நான் எத்தனை தடவை படித்தேன் என்று சொல்ல மாட்டேன். மாதம் ஒன்றாக, இரண்டாக வந்தன. சுவரில் குத்தி வைத்தேன். அம்மை குத்திக்கொள்ள வந்தவர்கள் கதவு வழியாகப் பார்த்து, ஐயாவுக்கு வெளிநாட்டில் நிறையச் சொந்தக்காரர்கள் என்று பேசிக்கொண்டார்கள். அப்படி நினைப்பதை நானும் தடுக்கவில்லை. பிறகு ஒரு பெரிய பத்திரிகையில், ஒரு பெரிய கட்டுரையின் அடியில், சின்ன எழுத்தில் என் பெயர். ஏழாம் ஆளைப் பற்றி மேலே இரண்டு வரி.

அதைத் தொடர்ந்து வடக்கேயிருந்து கடிதம் வந்தது. என் பழைய நிலையம். கட்டுரையைப் பார்த்தோம், எடுத்துக்காட்டியிருப்பதையும் பார்த்தோம், இங்கே ஓர் இடம் காலியாகப் போகிறது, விருப்பமானால் விண்ணப்பம் போடவும். அந்த மேசை. அந்தச் சண்டை. கடிதத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு கடற்கரை நெடுக நடந்தேன். அழுதேன் என்றும் சொல்லலாம். விண்ணப்பத்தை அன்றே எழுதிவிட்டேன். மறுநாள் தபாலில் சேர்ப்பதாக இருந்தேன்.

மறுநாள் ஒரு கார்டு வந்தது. பிரதி வேண்டும் என்பதோடு ஒரு கேள்வியும் இருந்தது. ஏழாம் ஆளின் குடும்பத்தில் வேறு யாருக்காவது இதுபோன்ற வீக்கம் உண்டா? அண்ணன் தம்பிக்கு? தெரிந்தால் எழுதவும்.

நியாயமான கேள்வி. எனக்குத்தான் தோன்றவில்லை. இத்தனை வருஷமும் நான் கைகளை அளந்தேன், ஒருவரிடமும் உன்னோடு பிறந்தவர்கள் எத்தனை பேர் என்று கேட்டதில்லை. வீட்டு விவரம் பெண்களுக்குத்தான் சரியாகத் தெரியும் என்று, படகுகள் வருமுன் பகலிலேயே மாதாகோயிலுக்குப் பின்னால் இருந்த அவர்கள் தெருவுக்குப் போனேன். பருவம் தொடங்கி மூன்று நாள்தான் ஆகியிருந்தது. கையில் ஒரு தனிப்பிரதி. ஏழாம் ஆளின் மனைவியிடம் கொடுத்து, உன் வீட்டுக்காரர் பேர் சீமை வரைக்கும் போயிருக்கிறது என்று சொல்ல ஆசை.

அந்த அம்மாள் வாசலில் கருவாடு காயப்போட்டுக்கொண்டிருந்தாள். என்னைக் கண்டதும் எழுந்து நின்றாள்.

“அவுக கடலுக்குப் போயிருக்காவய்யா. அத்தன வருஷத்துக்குப் பெறவு இன்னைக்குத்தான் எறங்கப் போயிருக்காவ.”

“இன்னைக்குத்தானா? வருஷா வருஷம் நான்தான கைய அளக்கேன்?”

“அது அவுக தம்பில்லா?” என்று சிரித்தாள். “மறு வருஷம் தம்பி போனாவ. தம்பி கொழும்புக்குக் கப்பலேறின பெறவு எங்கண்ணன் போச்சு. இந்த வருஷம் எங்கண்ணனுக்கு வேற படகுல சொந்தமா எடங் கெடச்சிட்டு. அதான் அவுகளே போயிருக்காவ.”

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. அவள்தான் பொறுமையாக விளக்கினாள். படகில் இடம் ஆளுக்கு இல்லை, பெயருக்கு. துறைமுக ஆபீசுப் பட்டியலில் இருக்கிற பெயரைக் கூப்பிடும்போது யாராவது ‘ஆமா’ என்று சொல்லாவிட்டால் அந்த இடம் வேறு வீட்டுக்குப் போய்விடும். அதனால் ஒருவர் படுத்துவிட்டால் வீட்டில் இன்னொருவர் அதே பெயரில் இறங்குவார். கரை முழுக்க இது தெரியும். இதில் ஒளிவுமறைவு எதுவும் இல்லை. ஆபீசுக்கு மட்டும் தெரிய வேண்டாம்.

“சரிம்மா. எங்கிட்ட வந்து ஏன் அந்தப் பேரையே சொன்னாவ?”

“என்னய்யா இப்படிக் கேக்கிய? நீங்க கைய அளந்து புஸ்தகத்துல எழுதினாத்தான ஆபீசுல பேரு நிக்கும்? அளக்காட்டா வெட்டிருவாவன்னு கரையில எல்லாரும் சொன்னாவளே.”

விஞ்ஞானத்தின் மேல் ஆர்வம்! அந்த நீண்ட வரிசை, “எனக்கும் அளந்திருங்கய்யா” என்று நீட்டிய கைகள் எல்லாம் அதற்குத்தான். என் நாடாவைத் துறைமுக ஆபீசின் முத்திரை என்று நினைத்திருக்கிறார்கள். நான் கேட்டதற்கு யாரும் பொய் சொல்லவில்லை. ‘இப்பம் எப்படி’ என்று கேட்டேன், நல்லா இருக்கு என்றார்கள். வீட்டில் எல்லாரும் நல்லாத்தான் இருந்திருக்கிறார்கள். இரத்தமும் பொய் சொல்லவில்லை. இது வேறு ஆளின் இரத்தம் என்று என் கையிலேயே எழுதிக் காட்டியது. நான் அதைக் கண்டுபிடிப்பு என்று படித்துக்கொண்டேன்.

அப்போதுதான் மற்றது உறைத்தது. “அப்பம் இன்னைக்கு எறங்கியிருக்கது...”

“அவுகதான். பயந்துக்கிட்டுதான் இருந்தாவ. ஒரு தடவ விழுந்தவனுக்குப் பெறவு ஒண்ணும் செய்யாதுன்னு டாக்டரய்யா சொன்னதா சம்மாட்டி வந்து சொன்னாவ. அதுக்குப் பெறவுதான் தைரியம் வந்துச்சு.”

தனிப்பிரதியை எங்கே போட்டேன் என்று தெரியவில்லை. ஆபீசுக்கு ஓடி, அட்ரினலின் குப்பிகளையும் ஊசியையும் கைக்குட்டையில் சுற்றி எடுத்துக்கொண்டு கரைக்குப் போனேன். படகுகள் வர இன்னும் நேரமிருந்தது. மணலில் உட்காரவும் முடியவில்லை, நிற்கவும் முடியவில்லை. தூரத்தில் கொழும்புக் கப்பல் நங்கூரம் போட்டு நின்றது. கடல் அமைதியாக இருந்தது. சொறி அமைதியான தண்ணீரில்தான் மேலே வரும். ஒருவர் சாகப் போகிறார், அதை எழுதிக் கொடுத்தது நான், அச்சடித்தது சீமை, சுவர் நிறைய அதற்குச் சாட்சி.

பாய்கள் தெரிந்தன. ஒவ்வொரு படகாக வந்து இறங்க இறங்க, அந்தப் பெயரைச் சொல்லிக் கத்தினேன். நான்காவது படகிலிருந்து ஓர் ஒல்லியான மனிதர் இடுப்பளவுத் தண்ணீரில் இறங்கி நடந்து வந்தார். நீண்ட முகம், நரைக்கத் தொடங்கிய மீசை. வீக்கமில்லாத அந்த முகத்தை அதற்கு முன் நான் பார்த்ததே இல்லை. அவர் என்னைப் பார்த்ததும் பழக்கப்பட்டவர்போலக் கையை நீட்டினார்.

“அளந்துக்கிடுங்கய்யா.”

“சொறி பட்டுச்சா?”

“இல்லய்யா. ரெண்டு மூணு மெதந்துச்சு, வெலகிட்டேன். பட்டாத்தான் என்ன, மூணாவது தடவ ஒண்ணும் செய்யாதுன்னு சொன்னியளாமே?”

“உமக்கு மூணாவது தடவ வரலவே. ரெண்டு தடவதான் பட்டிருக்கு. மூணாவது பட்டா நீரு கரைக்கு வந்து சேர மாட்டீரு.” அவர் நீட்டிய கையைப் பிடித்துக்கொண்டேன். “நான் சொன்னது தப்பு. எழுதினதும் தப்பு. இனிமே எறங்கக் கூடாது.”

உயிரைப் பற்றி அவர் ஒன்றும் கேட்கவில்லை.

“அப்பம் எம்பேரு?” என்றார்.

மறுநாள் அவருடைய சித்தப்பா மகன் அந்தப் பெயரில் இறங்கினார். பிற்பகல் கரையில் என் முன் கையை நீட்டினார். நான்காவது கை. எதற்கும் பயன்படாது என்று தெரிந்தே நாடாவைச் சுற்றி, அளந்து, அந்தப் பெயருக்கு நேராக எழுதினேன். கையை அளக்கத் தேவையில்லை, ஆபீசுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்று கூவிச் சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தாலும் யாரும் நம்பியிருக்க மாட்டார்கள். அந்தப் பருவம் முழுவதும் வரிசையில் நின்ற எல்லாருக்கும் அளந்தேன். இந்தத் தடவை முகத்தைப் பார்த்து அளந்தேன்.

வடக்கே அனுப்ப வேண்டிய விண்ணப்பம் மேசைமேல் கிடந்தது. உண்மையைச் சொல்கிறேன், இரண்டு வாரம் அதை அப்படியே வைத்திருந்தேன். அந்த மனிதர் இனி இறங்க மாட்டார். பட்டியலில் பெயர் நிற்கிறது. இந்தக் கரைக்கு வெளியே எவருக்கும் எதுவும் தெரியாது, தெரியவும் போவதில்லை. முதலில் வேலையில் போய்ச் சேர்ந்துவிட்டு அப்புறம் சொல்லலாமே என்று தினமும் ஒரு தடவை நினைத்தேன். அந்த ஐந்து பேர் மேசையில் உட்கார்ந்து ஏழாம் ஆளைப் பற்றிச் சண்டை போடுவதை நினைத்துப் பார்த்தேன். நான் மட்டும் வாய் திறக்காமல் இருக்க வேண்டியிருக்கும். அங்கே போயும் தனியாக இருப்பதானால், இங்கேயே இருந்துவிடலாம் என்று தோன்றியது. வீரமெல்லாம் இல்லை, கணக்கு அவ்வளவுதான்.

திருத்தம் ஒன்று எழுதினேன். ஏழாம் ஆள் ஒருவர் அல்ல, ஒரே பெயருக்குப் பதில் சொன்ன மூவர், ஆகவே அவரை வைத்துச் சொன்ன முடிவு செல்லாது, அதை நம்பி யாரையும் மறுபடி கடலில் இறக்க வேண்டாம். பத்திரிகைக்கு ஒன்று, விண்ணப்பத்தோடு சேர்த்து வடக்கே ஒன்று, கேள்வி கேட்ட மனிதருக்கு ஒன்று. வடக்கேயிருந்து வந்த பதிலில், அந்த இடம் நிரப்பப்பட்டுவிட்டதாக வருத்தத்தோடு தெரிவித்திருந்தார்கள். கேள்வி கேட்டவரிடமிருந்து பதில் இல்லை. கார்டுகள் மட்டும் வந்துகொண்டிருந்தன, முதல் கட்டுரை கேட்டு. ஒவ்வொரு பிரதியோடும் திருத்தத்தைக் கையால் எழுதிக் குண்டூசி குத்தி அனுப்பினேன். ஓய்வு பெறும் வரைக்கும் தூத்துக்குடியிலேயே அம்மை குத்தினேன்.

திருத்தம் அனுப்பி ஒரு வருஷத்துக்கு மேல் கழித்து அது அச்சாகி வந்தது. பக்கத்தின் கடைசியில், விளம்பரத்துக்கு மேலே, விரல் அகலம். அதை எடுத்துக்கொண்டு அந்தத் தெருவுக்குப் போனேன். இந்தத் தடவை அந்த மனிதர் வீட்டில் இருந்தார். வலை முடிந்துகொண்டிருந்தார். எனக்கு ஒரு முக்காலி போட்டார். அந்த அம்மாள் கருப்பட்டிக் காப்பி கொண்டுவந்து வைத்தாள். நான் ஒவ்வொரு வரியாகத் தமிழில் சொல்லிக்கொண்டு வந்தேன். வலையைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார். சம்மாட்டிகூட அப்படிக் கேட்டதில்லை.

“என்னையப் பத்தித்தான இது?” என்றார்.

“ஆமா. உம்மப் பத்தித்தான்.”

“எம்பேரு இருக்கா?”

“இல்ல. ஏழுன்னு போட்டிருக்கு.”

அவர் அந்த விரல் அகலத் தாளைக் கையில் வாங்கி, எழுத்தை விரலால் தடவிப் பார்த்தார். பிறகு முகம் மாறியது. குரலைத் தாழ்த்திக்கொண்டு, “மூணு பேருன்னு எழுதிட்டியளேய்யா. அங்கன எவனாவது இதப் படிச்சிட்டு ஆபீசுல சொல்லி, எம்பேர வெட்டிருவானோ?” என்று கேட்டார். அந்த அம்மாளும் என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

“பயப்படாதேயும்,” என்றேன். “இத யாரும் படிக்க மாட்டாவ.”

இரண்டு பேருக்கும் அப்போதுதான் மூச்சு வந்தது. “அப்பம் சரிய்யா” என்று அவர் சிரித்துவிட்டு, காப்பி ஆறுகிறது என்றார். நான் எடுத்துக் குடித்தேன்.